ஆல்டரும் ரிஜெக்டும்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஜெயசுதாவுக்கு இரண்டே இரண்டு ஆங்கிலச் சொற்கள்தான் அத்துப்படி. பதினோரு வருடமாக பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிள் முன்னால் நின்ற கால்கள் கற்றுத் தந்தவை அவை.

ஒன்று ஆல்டர். தையல் விட்டிருந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். டெய்லர் பிரித்துத் தைப்பார், துணி பிழைத்துக்கொள்ளும். மற்றது ரிஜெக்ட். அதற்கு மருந்தே கிடையாது, நேராகச் சாக்குமூட்டைதான்.

நான்கு மாதமாக அவள் இடது மார்பில் ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். இரண்டு முறையும் ஷிப்மென்ட் வந்து மறித்தது. இன்று மூன்றாவது தேதி. பதினோரு மணிக்குள் போயாக வேண்டும்.

"ஏனுங்கக்கா, இன்னைக்குக் கண்டெய்னர் வருதுங்க. ஆஸ்பத்திரி எங்க ஓடியா போகப் போகுது? நாளன்னைக்குப் போலாமுங்க" என்றான் சூப்பர்வைசர் பூபாலன்.

"அப்ப நாளன்னைக்கே கண்டெய்னர வரச் சொல்லு சாமி, அதுக்குத்தான் சக்கரம் இருக்குதே!" என்றாள் பக்கத்து டேபிள் ராமாயி.

ஜெயசுதாவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கையிலிருந்த டீசர்ட்டில், தையலை ஒட்டிக் கடுகளவு ஓட்டை. அதை அவனிடம் நீட்டினாள்.

"இது என்னங்க தம்பி?"

"ஆல்டர்தானுங்க. இப்பவே உள்ள மடிச்சுத் தெச்சா சரியாயிரும்."

"நாளன்னைக்குத் தெச்சா?"

"அதுக்குள்ள வாஷிங் போயி ஓட்டை பெருசாயிரும். அப்பறம் ரிஜெ..."

பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

அவள் இடுப்பில் செருகியிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தாள். ஒரு சிவப்பு அம்பை உரித்து, இன்றைய தேதிக்கு நேராக ஒட்டி, அவன் முன் வைத்தாள்.

பூபாலன் சீட்டைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக.

"போய்ட்டு வாங்கக்கா" என்றவன், அவள் டேபிளில் குவிந்திருந்த துணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஆஸ்பத்திரியில் டோக்கன் நாற்பத்தேழு. ஆல்டரா, ரிஜெக்டா என்று இனி டாக்டரம்மாதான் சொல்ல வேண்டும். பெஞ்சு கிடைத்ததும் நின்றே பழகிய கால்களை நீட்டி, சுவரில் தலையைச் சாய்த்தாள்.

நர்ஸ் மூன்றாவது முறை பேர் சொல்லிக் கூப்பிட்டபோதுதான் கண் விழித்தாள்.