இரண்டு கட்டங்களிலும் ஒரே பெயர்

வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். வாய் ஓயாது, பேச்சு முடிந்தால் பாட்டு. அப்பா சாப்பிட உட்கார்ந்ததும், "அந்த ரேடியோவ யாராவது அணைங்கப்பா" என்பார். அணைக்கத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். மூன்று வயது மூத்தவள். அதட்ட மாட்டாள். தங்கையின் பாட்டுக்கு அடியில் தாழ்ந்த குரலில் சேர்ந்துகொள்வாள். அதைக் கேட்கும் ஆசையிலேயே ரேடியோ வாயை மூடிக்கொள்ளும்.

இருவரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். போர்வை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து விலகி நிற்பதும், நெருங்கி வந்து முனைகளைச் சேர்ப்பதுமாக நாளெல்லாம் ஓடும். அந்த நடைக்கே பாட்டுகள் வந்தன; முதலில் வந்தது போர்வைப் பாட்டு. வார்த்தைகள் தங்கையுடையவை, மெட்டு பெரும்பாலும் அக்காவுடையது. தங்கை பத்து வரி எழுதினால் அக்கா நாலைந்தை வெட்டிவிடுவாள்.

"இது உன் பெருமைக்கு எழுதின வரிடி. பாட்டுக்கு வேணாம், தூக்கு."

தங்கைக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வரியைத் தூக்கிவிட்டுப் பாடிப் பார்த்தால் கோபம் போய்விடும்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதானபோது கேசட் கம்பெனிகளின் படி ஏறத் தொடங்கினார்கள். முதல் கம்பெனியில் வரவேற்பறையைத் தாண்டவில்லை. இரண்டாவதில் ஒருவர் பாட்டு முடியும்வரை நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது கம்பெனி செருப்புக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. அங்கே மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு போர்வைப் பாட்டை இரண்டு தடவை பாடச் சொன்னார். பிறகு, "இவங்க கொஞ்சம் வெளிய இருக்கட்டுமே" என்று அக்காவைக் காட்டினார்.

அக்கா எழுந்துபோய் மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

"பாட்டு அருமைம்மா. ஆனா ரெண்டு குரல் வேணாம். ஜனங்களுக்கு ஒரு முகம்தான் மனசுல நிக்கும். உங்க முகம் நிக்கும்."

"அக்கா இல்லாம நான் பாடினதே இல்ல, சார்."

"அப்ப இனிமே பாடிப் பழகுங்க."

ஒப்பந்தத்தை நீட்டினார். ஐந்து வருடம் வேறெங்கும் பாடக்கூடாது. பாட்டுகள் கம்பெனிக்குச் சொந்தம். கடைசிப் பக்கத்தில் எழுதியவர், மெட்டமைத்தவர் என்று இரண்டு கட்டங்கள். "ரெண்டு பேர் கையெழுத்துன்னா எங்க வக்கீல் இழுத்தடிப்பாரு. ரெண்டுலயும் நீங்களே போட்டுடுங்க" என்றார். பேனா அவருடையது; கனமாக இருந்தது. அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பின்னாளில் அவளை அரித்தது அதுதான். ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

படியில் அக்கா முகம் மலர்ந்து எழுந்தாள். "என்னடி சொன்னாரு?"

"முதல் கேசட் நான் மட்டும். அடுத்தது நாம ரெண்டு பேரும்." இரண்டாவது வாக்கியத்தை மேனேஜர் சொல்லவே இல்லை.

"அதனால என்ன? வா, ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு" என்றாள் அக்கா.

ஆறு பாட்டுகள் பதிவாயின. அக்கா வெட்டிய வரிகளை எல்லாம் மேனேஜர் திரும்பச் சேர்க்கச் சொன்னார். கேசட் வெளிவருவதற்குள் கம்பெனிக்கு முதலாளி மாறினார், மேனேஜரும் போனார். புதிதாக வந்தவர், "இந்த மாதிரிப் பாட்டு இப்ப ஓடாதும்மா" என்று டேப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினார். தங்கை மாதத்துக்கு ஒருமுறை கேசட்டைப் பற்றிக் கேட்கப் படியேறினாள். காவலாளி அவள் தலையைக் கண்டதுமே உதட்டைப் பிதுக்குவார்.

அடுத்த வருடம் ஆஸ்பத்திரி ஆண்டுவிழா வந்தது. போர்வைப் பாட்டைப் பாடச் சொல்லி தலைமை நர்ஸ் கேட்டார். அக்கா சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டாள். தங்கைதான் சலவைக்கூடத்தின் ஓரத்துக்கு அவளை இழுத்துப்போனாள்.

"பாடக் கூடாதுக்கா. பாட்டு கம்பெனியோடது."

"நீ கையெழுத்துப் போட்ட, நீ பாடாதே. மெட்டு என்னுது. நான் பாடறேன்."

தங்கை அடுக்கியிருந்த போர்வையின் முனையை நீவினாள். அக்கா அவள் முகத்தையே பார்த்தாள்.

"பேப்பர்ல என் பேரு எங்கடி இருக்கு?"

"இல்லக்கா."

அக்கா கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். எல்லாம் அன்றே ஆறியிருக்கும். அக்கா உள்ளே போய்ப் போர்வையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கை எதிர்முனையைப் பிடித்தாள். அன்று மாலைவரை மடித்தார்கள். அக்கா வாயிலிருந்து பாட்டின் ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. மறு வருடம் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள்.

ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே கம்பெனி மூடப்பட்டது. டேப் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. முப்பத்தொரு வயதில் தங்கை ஒரு சின்னக் கம்பெனிக்குப் புதிய பாட்டுகள் பாடினாள். அவற்றோடு போர்வைப் பாட்டையும் சேர்த்து, மெட்டமைத்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரைப் போடவைத்தாள். சேர்ந்து பாடக் கூப்பிட்டபோது அக்கா, "தொண்டை துருப்பிடிச்சுப் போச்சுடி" என்று சிரித்தே தட்டிக்கழித்தாள்.

தங்கை கேசட்டைத் தபாலில் அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து அக்கா போனில் பேசினாள். மூத்த மகளுக்குப் பல் விழுந்தது, மாமியாரின் முட்டிவலி, புதுக் குடித்தனக்காரரின் நாய் என்று பேச்சு நீண்டது. வைக்கும் முன், "பாட்டு கேட்டேன். நல்லா இருக்கு" என்றாள்.

எந்தப் பாட்டு, போர்வைப் பாட்டா என்று கேட்கத் தங்கைக்கு நாக்கு நுனிவரை வந்தது. "சரிக்கா, உடம்பப் பார்த்துக்கோ" என்றுதான் சொன்னாள்.