ஏழாம் நம்பர் குளம்பு

குதிரை செத்தால் குளம்பு வர வேண்டும். அரண்மனை லாயத்துக் கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது நான் கற்ற முதல் சட்டம் அதுதான். ஒவ்வொரு குதிரைக்கும் இடது முன்னங்காலின் குளம்பில் நம்பரைச் சூடு போட்டுப் பதித்திருப்பார்கள். குளம்பு வளர வளர நம்பர் கீழே இறங்கித் தேயும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் சுடுவார்கள். குதிரை இறந்ததும் அதைப் பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரர் அந்தக் குளம்பை அறுத்து, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைக்க வேண்டும். நான் நம்பரைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் கோடு போடுவேன். எந்தக் காலத்திலோ யாரோ உயிருள்ள குதிரையை விற்றுவிட்டு, அது செத்துப்போனதாக எழுதிவைத்தார்களாம். அன்றைக்கு வந்த ஏற்பாடு இது.

அந்தக் கச்சேரி ஒரு காலத்தில் பெரிய இடம். மேலதிகாரி ஒருவர், அவருக்குக் கீழே மூன்று குமாஸ்தாக்கள், தனி முத்திரை, வாசலில் சேவகன். அரண்மனைக்கு மோட்டார் கார்கள் வந்த பிறகு குதிரைகள் குறைந்தன. குதிரை குறையக் குறையக் காகிதம் கூடியது, அதுதான் வேடிக்கை. நான் சேரும்போது பதினொரு குதிரைகளும் ஓர் அலமாரி நிறையப் புத்தகங்களும் மிச்சம். மேலதிகாரி பாதி நாள் வரவே மாட்டார். இருபத்தாறு வயதில், சட்டம் பேசுவதற்கென்றே பிறந்தவனைப்போல நான் உட்கார்ந்திருந்தேன்.

தினமும் காலையில் குதிரைக்காரர்கள் ஜன்னல் பக்கம் வரிசையாக வருவார்கள். "மூணு நிக்கிதுங்க", "நாலு நிக்கிதுங்க" என்று தங்கள் குதிரையின் நம்பர் உயிரோடு இருப்பதைச் சொல்லிவிட்டு, அதற்கு அன்றைய கொள்ளு அளந்து வாங்கிப் போவார்கள். புத்தகத்தில் குதிரைக்கு ஒரு பக்கம், அதிலேயேதான் குதிரைக்காரரின் பெயரும் இருக்கும். பக்கத்தில் சிவப்புக் கோடு விழுந்தால் அவருக்கும் வேலை நின்றுவிடும், அடுத்த குதிரை வரும்வரை. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் சென்னையோடு சேர்ந்ததும், இனி அடுத்த குதிரை வராது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பிறகு ஓர் உத்தரவு வந்தது. திங்கட்கிழமை வெளியூர் அதிகாரி ஒருவர் வந்து புத்தகத்தைச் சரிபார்ப்பார். அன்றைக்கு எவர் பக்கத்தில் உயிருள்ள குதிரை இருக்கிறதோ அவருக்கு அரசாங்கத்தில் பியூன் வேலையோ வாட்ச்மேன் வேலையோ கிடைக்கும். கோடு விழுந்தவர் வீட்டுக்குப் போகலாம்.

ஏழாம் நம்பர் ஒரு கிழட்டு வெள்ளைப் பெட்டை. அதைப் பார்த்துக்கொண்டவர் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். அவரை நான் ஒருமையில்தான் பேசினேன். அப்போது கச்சேரிகளில் அதுதான் வழக்கம். இப்போது எழுதக் கூசுகிறது. வயிற்றுவலி கண்ட பெட்டையை மற்றக் குதிரைகளிடமிருந்து பிரித்து, கண்மாய்க்கரைக் கொட்டகையில் கட்டியிருந்தோம். அவர் தன் போர்வையை அதற்குப் போர்த்தி, கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை "ஏழு நிக்கிதுங்க" என்றார். கொள்ளு வாங்காமல் நகர்ந்தார்.

"கொள்ளு?"

"வேணாங்க. நேத்துப் போட்டதே கெடக்கு."

சனிக்கிழமையும் அதே பேச்சு. எனக்குப் புரிந்துவிட்டது. வாயால் பொய் சொல்ல முடிந்த மனிதருக்குச் செத்த குதிரையின் பேரில் கொள்ளு வாங்கக் கை வரவில்லை. அந்த நேர்மைதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன். வியாழக்கிழமை விடியற்காலையில் செத்துவிட்டதாகவும் கொட்டகைக்குப் பின்னால் புதைத்துவிட்டதாகவும் சொன்னார்.

"திங்கக்கெழம வரைக்கும் அப்புடியே இருக்கட்டுங்க ஐயா. ரெண்டே நாளுங்க."

"நான் பொய் எழுதணுமா?"

"நீங்க ஒண்ணும் எழுத வேணாங்க. எழுதாம இருந்தாப் போதுங்க."

இன்றுவரை அந்தப் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு மட்டும் இருந்தது. "குளம்பைக் கொண்டா" என்றேன். நியாயம் என்று அப்போது நினைத்தேன். உண்மையில் பயம். அதிகாரி கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டால் என் வேலையும் போய்விடும் என்ற பயம்தான்.

மத்தியானம் சாக்கோடு வந்தார். புதைத்ததைத் தோண்டி அறுத்திருக்கிறார். நாற்றம் மேஜையைச் சுற்றி நின்றது. குளம்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் துண்டால் துடைத்துவிட்டு என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நம்பரு சரியா இருக்குங்களா?"

சரியாக இருந்தது. நான் கோடு போட்டு முடிக்கும்வரை நின்றார். பிறகு கும்பிட்டுவிட்டுப் போனார். என்னைத் திட்டவாவது செய்திருக்கலாம்.

திங்கட்கிழமை அதிகாரி காரில் வந்து இறங்கினார். காபி குடித்தார். புத்தகத்தைப் புரட்டி, கோடு விழாத பக்கங்களில் கையெழுத்துப் போட்டார். லாயம் இருபதடி தூரத்தில்தான் இருந்தது, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு குதிரையையாவது போய்ப் பார்த்திருந்தால் இத்தனை வருஷம் என் பக்கம் பேச எனக்கு ஒரு வாய் இருந்திருக்கும். "புத்தகம் சுத்தமா இருக்கு" என்று என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டின் பேரில் எனக்குத் திருமயம் தாலுகா ஆபீசில் வேலை கிடைத்தது. மற்றக் குதிரைகளை ஏலம் விட்டார்கள். கச்சேரி அறைக்குப் பூட்டுப் போட்டார்கள்.

அறுபதுகளில், ஆதரவற்ற வயதானவர்களுக்கு அரசாங்கம் பென்ஷன் கொடுக்கத் தொடங்கியிருந்த சமயம். நான் வேறொரு தாலுகா ஆபீசுக்கு மாறியிருந்தேன். ஒரு நாள் வெள்ளைச் சேலை கட்டிய அம்மாள் ஒருவர் மனுவோடு என் மேஜைக்கு வந்தார். பிள்ளைகள் இல்லை, புருஷன் இறந்துவிட்டார் என்றார். என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன்.

"கல்லு ஒடைச்சாருங்க. அதுலதான் நெஞ்சு போயிருச்சு. அதுக்கு முன்னாடி அரண்மனை லாயத்துல ஏழாம் நம்பரப் பாத்தாருங்க."

நான் தலை நிமிரவில்லை. மனுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். புருஷனை அடக்கம் பண்ணியதற்கு மாதா கோயில் சாமியார் எழுதிக் கொடுத்தது.

"இது போதுங்களா ஐயா? அவரு இருக்கயிலேயே சொல்லுவாருங்க. லாயத்துல ஒரு ஐயா இருந்தாராம். செத்துப்போச்சுன்னு வாயால சொன்னா ஏத்துக்க மாட்டாராம், அறுத்துக் கொண்டாந்து காட்டணுமாம். அதான் பயந்துக்கிட்டே வந்தேன்."

"போதும்மா" என்றேன். சீட்டை வாங்கி மனுவோடு சேர்த்துக் குத்தினேன். அந்த ஐயா யார் என்று சொல்லவில்லை.