பட்டியலில் ஏறாத நண்பர்

சென்ற ஞாயிறு மாலை, மவுண்ட் ஆல்பர்ட்டில் நண்பர் நடராசா வீட்டில் உட்கார்ந்து அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலை நடத்திக்கொண்டிருந்தோம்.

நடராசா யாழ்ப்பாணத்துக்காரர், இன்ஜினீயர். ஐந்து வருஷத்துக்கு முந்தைய கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர். நான் மதுரை. இருவருமே அமெரிக்காவைப் பார்த்ததில்லை. அதனால் கருத்துச் சொல்வதில் எந்தத் தடையும் இல்லை...

கறுப்பினத்தவர் ஒருவர் அங்கே தன் கட்சியின் வேட்பாளராவதற்குப் போட்டியிடுகிறார். மாநிலம் மாநிலமாக ஓட்டுகளை அள்ளுகிறார். டிவியில் அவர் முகம் வந்ததும் நடராசா நிமிர்ந்தார்.

"பாத்தீரோ ஐசே? கறுத்த சனம், ஸ்பானிஷ்காரர், வேலை போன வெள்ளைக்காரர்... எல்லாரும் ஒரு பக்கம் சேந்தா ஆர் தடுக்கிறது?"

"முதல்ல ஓட்டர் லிஸ்ட்ல சேரணுமே! நிறையப் பேர் பேரே கொடுக்கிறதில்லையாம்."

"அதுதான் பிழை. வாக்கை விட்டிட்டு இருக்கிறவனுக்குக் கதைக்க என்ன உரிமை?"

சமையலறையிலிருந்து அவர் மனைவி யோகம் எட்டிப் பார்த்தார். "உங்கட பேர் எந்த லிஸ்ட்டில இருக்கு? அதையும் சொல்லுங்கோவன்."

நடராசா டிவியையே பார்த்தார்.

நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் ஓட்டுப் போடக் குடியுரிமைகூட வேண்டாம். நிரந்தர விசாவும் ஒரு வருஷ வாசமும் போதும். பெயர் பதிவது சட்டப்படி கட்டாயம். போன வருஷத் தேர்தலில் நானே போட்டேன் — என் ஆள் டெபாசிட் இழந்தார், அது என் ராசி. நடராசாவோ பதியவே இல்லை!

விடுவேனா? இப்படி ஒரு பட்டியலில் ஏறுவதற்காக அமெரிக்கக் கறுப்பர்கள் பட்ட அடி, போன சிறை... பிரசங்கத்தை முடித்து, "போஸ்ட் ஆபீஸ்ல ஃபாரம் சும்மாவே தர்றாங்க" என்றேன்.

நடராசா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"அந்தப் பட்டியலை ஆரும் பாக்கலாமாம். பேர், தொழில், விலாசம் எல்லாம் இருக்கும்."

"ஆமா. அதுல என்ன?"

"எண்பத்து மூண்டில எங்கட வீட்டை எரிக்க வந்தவங்கள் ஒருத்தரிட்டையும் வழி கேக்கேல்லை. கையில வாக்காளர் பட்டியல் வச்சிருந்தவங்கள். பக்கத்து வீடுகளை விட்டிட்டு நேரா எங்கட கேட்டுக்கு வந்தாங்கள்."

ஜனநாயகத்தைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள் வைத்திருக்கிறேன். பட்டியலில் இடம் கிடைக்காதவனின் துயரம் எல்லாவற்றிலும் இருக்கிறது. இடம் கிடைத்ததால் வீட்டை இழந்தவனை எந்தப் பக்கத்தில் தேடுவது?

அமெரிக்காவில் பேர் கொடுக்காத அந்த 'நிறையப் பேரை'ச் சோம்பேறிகள் என்றே இதுவரை நினைத்திருந்தேன். அவர்களில் எத்தனை நடராசாக்களோ... எல்லாரும் ஒன்று சேரட்டும் என்பது நல்ல கோஷம்தான். ஆனால் சேர்வதற்கு முன்னால் ஒருவன் தன் விலாசத்தை அல்லவா எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது?

யோகம்தான் பேசினார். "பயம் எனக்கும் இருக்கு. ஆனா பிள்ளையளுக்கு இனி இதுதானே ஊர். நாங்கள் ஒளிச்சிருந்தா அதுகளும் ஒளிச்சிருக்கத்தான் பழகுங்கள்."

நடராசா எழுந்து டிவியை அணைத்தார். நானும் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

புதன்கிழமை யோகம் போன் செய்தார். இருவரும் ஃபாரம் நிரப்பிக் கொடுத்துவிட்டார்களாம். வரும் வழியில் நடராசா ஒரு ஹார்ட்வேர் கடையில் நுழைந்து, வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கினாராம்.

கடையிலேயே கனமானதாகப் பார்த்து — இரண்டு.