காலை ஆறு பன்னிரண்டின் டோக்கன்

செங்கம் சாலையோர வாடகை வீட்டில் நான் கீழே. மாடியில் ஒரு பெண் பொறியாளர். இரண்டு வீட்டுக்கும் வைஃபை ஒன்றுதான்.

அப்போது நான் பிளாக்செயினுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். எழுதியதைச் சோதனை வலையமைப்பில் ஓட்டிப் பார்க்கச் சோதனை டோக்கன் வேண்டும். அதைக் கொண்டு ஒரு டீகூட வாங்க முடியாது. அதை இலவசமாகத் தரும் இணையப் பக்கத்துக்கு ஃபாசெட் என்று பெயர். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை தரும். முதல் நாள் 6.01க்கு எடுத்தேன். மறுநாள் 6.02. நேரம் தினமும் ஒரு நிமிடம் நகர்ந்ததை டைரியில் குறித்தேன். பொத்தானை அழுத்திவிட்டு ஜன்னலில் நிற்பேன். எதிரே தெரியும் மலையை மேகம் பாதி மறைத்திருக்கும். எங்கிருந்தோ எனக்கென்று ஒன்று வந்துகொண்டிருப்பதுபோல இருக்கும். நிரலை மட்டும் ஓட்டவில்லை. இன்னொரு முறை சரிபார்த்துவிடலாம் என்றே பன்னிரண்டு நாள் போனது.

பன்னிரண்டாம் நாள் பௌர்ணமி. மாலை நான்கரைக்கு மாடிப் பெண் லேப்டாப்போடு இறங்கி வந்தார்.

"சார், உங்களுக்கு வைஃபை ஒழுங்கா வருதா? மூணு நாளா ஃபாசெட்ல கேக்கறேன், இந்த இணைப்புக்கு இன்னிக்குக் குடுத்தாச்சுனே சொல்லுது. ஃபோன்ல பாக்கலாம்னா கிரிவலக் கூட்டம், சிக்னலே இல்ல. அஞ்சு மணிக்குள்ள என் புரோகிராம ஓட்டிக் காட்டலன்னா வேலை போச்சு. இன்டர்வியூவே அதான்."

"எடுக்கறது நான்தாங்க. காலைல ஆறு பன்னெண்டுக்கு."

"நீங்களா? பால்காரர்கூட லேட்டா வருவாரு சார்! எவ்ளோ செலவாச்சு?"

"ஒண்ணுமே செலவு பண்ணலங்க. அப்படியே இருக்கு."

"சேத்து வச்சு வீடா கட்டப் போறீங்க?"

இருப்பதில் வேண்டியதை அனுப்புகிறேன் என்றேன். அதற்கு முன் நான் யாருக்கும் டோக்கன் அனுப்பியதில்லை. டோக்கன் போய்ச்சேர வேண்டிய அவருடைய முகவரியில் நாற்பத்திரண்டு எழுத்துகள். முதலிலிருந்து ஒருமுறை, கடைசியிலிருந்து ஒருமுறை ஒப்பிட்டேன். மூன்றாம் முறை தொடங்கும்போது அவர் கும்பிட்டார்.

"சார், நாலே முக்கால் ஆச்சு. அமுத்துங்க."

அழுத்தினேன். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் மலையை நோக்கிப் போகிறவர்களின் வெறுங்கால் ஓசை, நின்று பெய்யும் மழைபோல் கேட்டது. எவ்வளவு நேரம் என்று அன்று மட்டும் குறிக்கவில்லை.

"வந்துடுச்சு!" மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவினார். ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கையில் மேலிருந்து குரல் வந்தது. "ஓடிடுச்சு சார்!"

கையில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. என் நிரலையும் ஓட்டினேன். பதினேழாம் வரியில் பிழை காட்டி நின்றது.

மறுநாள் 6.13க்கு நான் பொத்தானைத் தொடவில்லை. மலையில் மேகம் இல்லை. டைரியில் நேரத்துக்குப் பதில், நிரலின் பதினேழாம் வரியை எழுதி, அடிக்கோடிட்டேன்.