இரண்டாவது களத்தின் நடுக்கோடு

பிக்கல்பால் களத்துக்கு இடம் அளந்து வரைபடம் போடுகிறவனுக்கு வெயிலும் மழையும் பெரிய தொல்லை இல்லை. "இடம் தாராளமா இருக்கு, நீங்க வந்து கோடு மட்டும் போடுங்க" என்று தொலைபேசியில் சொல்கிறவர்தான் தொல்லை. அலமாரியை வாங்கிவிட்டு, அது வாசலில் நுழையாமல் அதனுடன் தெருவில் நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நானும் என் கூட்டாளி சேகரும் ஈப்போவில் பூப்பந்து மண்டபங்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தவர்கள். மட்டையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்துமாக இந்தப் புது விளையாட்டு வந்த பிறகு பாகான் செராயிலிருந்து லூமுட் வரை அலைகிறோம். நாடா பிடிப்பதும் படம் வரைவதும் நான். மட்டம் பார்ப்பதும் முளை அடிப்பதும் சேகர்.

கோட்டுக்கு வெளியே

புந்தோங்கில் கணேசன் என்று ஒருவர். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓட்டுகிறார். வீட்டுக்குப் பின்னால் இருபத்திரண்டு அடி அகலம், நாற்பத்தாறு அடி நீளம் இடம் இருக்கிறது, களம் போட வேண்டும் என்றார். களம் இருபதுக்கு நாற்பத்து நான்கு, பூப்பந்து இரட்டையர் களத்தின் அதே அளவு. அது அவருக்கும் தெரியும். எனவே இரண்டு இரண்டு அடி மிச்சம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பந்துக்குத்தான் இருபதுக்கு நாற்பத்து நான்கு, பந்தைத் துரத்துகிற ஆளுக்குக் குறைந்தது முப்பதுக்கு அறுபது வேண்டும் என்று தரையில் குச்சியால் கீறிக் காட்டினேன். நான்கு புறமும் மதில். அவர் மதிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி யோசிக்கிறேன் என்றார்.

யோசிக்கவில்லை. வேறு ஆளை வைத்துக் கோடு போட்டுவிட்டார். இரண்டாவது வாரம் அவருடைய மைத்துனர் பின்னால் ஓடி மதிலில் மோதி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். லாரி ஓட்டுகிறவர், மூன்று மாதம் வேலை இல்லை, அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையும் இல்லை. கணேசன் என்னை அழைத்துச் சொன்னது இது: "பந்து கோட்டுக்குள்ளதாண்ணே விழுந்துச்சு, மச்சான்தான் வெளிய போயிட்டான்."

மேற்கு வெயில்

களத்தை வடக்கு தெற்காகப் போட வேண்டும். கிழக்கு மேற்காகப் போட்டால் காலையில் ஒரு பக்கத்தாருக்கும் மாலையில் மறுபக்கத்தாருக்கும் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். இது ஒன்றும் பெரிய சாத்திரமில்லை. தொப்பி போட்டவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தம்பிராஜா ஐயா தொப்பி போடுகிறவர் அல்லர். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாண வம்சம். மனைவி போன பிறகு வீடும் தோட்டமுமான பெரிய வளவில் தனியாக இருந்தார். நாலு பேர் வந்து போகட்டும் என்றுதான் களம். வாசலைப் போலவே களமும் கிழக்கே பார்க்க வேண்டும் என்று வாஸ்து பார்ப்பவர் சொல்லியிருந்தார். நான் மூன்று முறை படம் போட்டுக் காட்டினேன். மூன்று முறையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கிழக்கையே காட்டினார். அப்படியே போட்டுக் கொடுத்தோம்.

முதல் வாரம் மாலை எட்டுப் பேர் வந்தார்கள். அடுத்த வாரம் ஐந்து பேர். பிறகு இருவர், அவர்களும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு. வலையைச் சரிபார்க்க நான் போனபோது ஒருவரும் இல்லை. களத்தின் ஓரத்தில் எட்டு நாற்காலிகளை வரிசையாகத் துடைத்து வைத்துவிட்டு ஐயா தனியாக உட்கார்ந்திருந்தார். வலையைப் பார்க்கவில்லை, கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சூரியன் இறங்குமட்டும் இருந்து தேத்தண்ணி குடிக்கச் சொன்னனான், ஒருதரும் நிக்கேல்லை."

வரிசையான பள்ளங்கள்

இனி வருவதெல்லாம் ஒரே இடத்தின் கதை. ஈப்போவிலிருந்து முக்கால் மணி நேரம். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துப் பாதியில் புது வீடுகள் கட்டித் தாமானாக்கிவிட்டார்கள். மீதியில் ஒரு துண்டை டயர் கடை வைத்திருக்கும் மோகன் வாங்கியிருந்தார். அவருக்கு ஆறு களம் வேண்டும், மூன்று மூன்றாக இரண்டு வரிசை. ஒவ்வொரு களத்துக்கும் சுற்றிடம் சேர்த்து முப்பத்து நான்கு அடி அகலம், அறுபத்து நான்கு அடி நீளம் ஒதுக்கினேன். தோட்டத்து மிச்சமாக அங்கே நின்றது ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு மேடை மட்டும்தான். அதன் மூலையிலிருந்து கிழக்கே அளந்துகொண்டு போனோம்.

முன்வரிசையில் இரண்டாவது, மூன்றாவது களங்கள் வர வேண்டிய இடத்தில் புல்லுக்குள் ஆழமில்லாத பள்ளங்கள் இருந்தன. ஆள் படுக்கும் நீளம், முழங்கால்கூட மறையாத ஆழம். பத்துப் பன்னிரண்டு இருக்கும். எல்லாம் வடக்கு தெற்காக, ஒழுங்காக. ரப்பர் மரங்களைத் தோண்டி எடுத்த குழிகள் என்று குறிப்பேட்டில் எழுதினேன். திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் நான் போட வேண்டிய கோட்டுக்கு ஏற்கெனவே யாரோ வரிசை பிடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிகூட. சேகர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். மட்டக்கோலை ஊன்றியபடி ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் இடையில் நடந்து பார்த்தார். "ரப்பர் மரத்த இவ்வளவு நெருக்கமா நட மாட்டாங்கண்ணே," என்றார்.

நகர்ந்த முளை

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளே முளை அடித்து நூல் கட்டினோம். முன்வரிசையில் இரண்டாவது களத்தின் நடுக்கோட்டுக்கு ஒரு முளை, தொட்டி மேடையிலிருந்து சரியாக ஐம்பத்தேழு அடியில். அடுத்த நாள் வந்து பார்த்தால் அந்த ஒரு முளை மட்டும் மூன்று அடி தள்ளி நின்றது. மாடு முட்டியிருக்கும் என்று திரும்ப அடித்தோம். அதற்கடுத்த நாளும் மூன்று அடி. மாடு ஒரே அளவில் இரண்டு முறை முட்டாது. நூலையும் அவிழ்த்து, புது இடத்தில் திரும்ப ஒழுங்காக முடிச்சுப் போடாது.

மூன்றாம் நாள் விடியும்போதே போய் நின்றோம். மோட்டார் சைக்கிளில் ஓர் அம்மா வந்து இறங்கினார். வயது அறுபதுக்குப் பக்கம். ஏதோ ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலைக்கான நீலச் சட்டை. எங்களைப் பார்த்தும் ஓடவில்லை. பெயர் பாக்கியம் என்றார். லயத்தை இடித்தபோது தாமான் ஓரத்து அடுக்குமாடிக்குப் போனவர்களில் ஒருவர். அவர் நான்கு வயது மகள் காய்ச்சலில் போனபோது தோட்டத்தார் எல்லாரையும் போல இங்கேதான் புதைத்தார்கள். தெற்கே தலை வைத்துப் படுக்க வைப்பார்கள் என்று அவர் சொன்னபோதுதான் பள்ளங்கள் ஏன் வடக்கு தெற்காக இருந்தன என்று எனக்கு உறைத்தது. எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. என் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் என் கையில் இருந்தது திசைகாட்டி; நான் சூரியனைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் ஒரு சின்னப் புட்டியில் பால் இருந்தது. "நான் ஒண்ணும் எடுத்துட்டுப் போகல அண்ணே. மூணு அடிதான் தள்ளி வச்சேன். அது அவ மேல நிக்குது."

முப்பத்தொரு எட்டு

இந்த இடம்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தொழில் புத்தி. அளவு என்று யாராவது சொன்னால் எதிலிருந்து, எதைக் கொண்டு அளந்தது என்று கேட்காமல் இருக்க வராது. தொட்டி மேடையின் மூலையிலிருந்து காலைச் சூரியனைப் பார்த்தபடி முப்பத்தொரு எட்டு நடை என்றார். நடந்தும் காட்டினார். முழங்கால் வலிக்காரர், குட்டை எட்டு. முப்பத்தொன்றாவது எட்டு எங்கள் பழைய முளைக் குழியில் போய் நின்றது. நாடாவில் ஐம்பத்தேழு.

புதைத்த அன்றும் நீங்கள்தான் எண்ணினீர்களா என்று கேட்டேன். இல்லை, அவர் வீட்டுக்காரர்தான். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை, லயத்து வாசலோடு நின்றுவிட்டார்களாம். குழியை மூடிவிட்டுத் திரும்பி வந்த வீட்டுக்காரர், கல் வைக்கவில்லை, முப்பத்தொரு எட்டு, ஞாபகம் வைத்துக்கொள் என்று சொன்னாராம். அவர் இருந்தவரை அவரே வருவார். அவர் போன பிறகு, தடுக்கத் தோட்டமும் இல்லை, ஆளும் இல்லை என்றதும், பாக்கியம் அக்கா எண்ணிக்கொண்டே தனியாக வர ஆரம்பித்தார். இருபது வருடமாக.

வீட்டுக்காரர் எவ்வளவு உயரம் என்று சேகர் கேட்டார். சேகரைவிட ஒரு சாண் அதிகம் என்றார். சேகர் மேடையின் மூலைக்குப் போய்த் தன் எட்டில் நடந்து வந்தார். முப்பத்தொன்றாவது எட்டில் நின்றபோது நாடா எழுபத்தெட்டு காட்டியது. ஒரு சாண் அதிகமான ஆள் இன்னும் தள்ளித்தான் நின்றிருப்பார். அது மூன்றாவது களம். அங்கேயும் ஒரு பள்ளம் இருந்தது, மற்றவற்றைவிடச் சிறியது. பாக்கியம் அக்கா இரண்டு பள்ளங்களையும் மாறி மாறிப் பார்த்தார். புட்டியின் மூடியைத் திறந்திருந்தார். ஊற்றவில்லை. "அப்ப இருவது வருஷமா நான் பால் ஊத்துனது யாருக்கு?"

ஐந்து களம்

அன்றே மோகனைப் போய்ப் பார்த்தேன். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய அப்பாவும் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர்தான். ஆனால் நிலப்பத்திரத்தில், கிராண்டில், இடுகாடு என்று எதுவும் இல்லை, விற்றவரும் சொல்லவில்லை, வேறு யாரும் இத்தனை வருடத்தில் வந்து கேட்கவில்லை என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். "கிராண்டுல அந்த நெலம் கோசோங் லா" என்று, காலி நிலம்தான் என்று, இரண்டு முறை சொன்னார். ஆழமாகத் தோண்டப் போவதில்லையே, மேல்மண்ணை எடுத்துவிட்டுக் கல் போட்டு உருட்டுவதுதானே என்றும் கேட்டார். முன்வரிசையில் ஒரு களம் மட்டும் வைத்து, மொத்தம் நான்காக நான் வரைந்திருந்த படத்தை நீட்டினேன். அதில் கட்டங்களை எண்ணினார். ஆறில் ஒன்றை விட்டுவிடுகிறேன், இரண்டு முடியாது, எது என்று அந்த அம்மாவே சொல்லட்டும் என்றார். அவரால் முடிந்த நல்லது அவ்வளவு.

இப்படி ஒரு கேள்வியை நாடாவும் பென்சிலுமாக ஒருவரிடம் கொண்டுபோய்க் கேட்க வேண்டியிருந்தது. படத்தைத் தொட்டி மேடையில் விரித்து வைத்தேன். இரண்டாவது களத்தை விட்டால் அவர் பால் ஊற்றிய பள்ளம் புல்லோடு இருக்கும், அடுத்ததன் மேல் கான்கிரீட். மூன்றாவதை விட்டால் மகளின் பள்ளம் இருக்கும், இதன் மேல் கான்கிரீட். தோண்டிப் பார்த்து எடுத்து வேறு இடத்தில் வைக்கலாமா என்று சேகர் மெதுவாகக் கேட்டார். நாலு வயதுப் பிள்ளை, இத்தனை வருடம், எதை எடுப்பீர்கள் என்று அக்கா திருப்பிக் கேட்டதும் சேகர் மட்டக்கோலைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அக்கா மூன்றாவது களத்துப் பள்ளத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். எழுந்து வந்து படத்தில் இரண்டாவது கட்டத்தின் மேல் விரல் வைத்தார். மகள் அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று நினைவூட்டினேன். ஒருவேளை நான் சொன்னது சரியாகப் புரியவில்லையோ என்ற சந்தேகத்தில் இன்னொரு முறையும் சொன்னேன். புரிந்திருந்தது. "இதுக்கு வேற யாரும் வரல. எம் மக நான் வராமலே பழகிட்டா அண்ணே, இது பழகல."

முன்வரிசையில் இப்போது ஒன்றாவது களமும் மூன்றாவது களமும் இருக்கின்றன, நடுவில் முப்பத்து நான்கு அடிக்கு வெறும் புல். ஐந்து களமும் வடக்கு தெற்காக, யார் கண்ணிலும் வெயில் படாமல், ஓர் அங்குலம்கூடப் பிசகாமல் அமைந்திருப்பதாக எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள், ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள் என்று மட்டையையும் கையில் கொடுக்கிறார்கள், கோட்டுக்கு உள்ளேதான் எனக்குக் கால் வரமாட்டேன் என்கிறது.