வைக்கோலோடு போன ஒன்பதாவது கட்டம்

குறுவை அறுவடை சமயத்தில் என் மகள் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தாள். திருக்காட்டுப்பள்ளி சாலையில் யாரோ நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். பாதிச் சாலையில் நெல், மீதிச் சாலையில் பஸ். அவள் நெல் பக்கம் ஒதுங்கினாள். மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு, அவ்வளவுதான் என்றார் டாக்டர். நான்கு நாள் வரை அவள் தலைமுடியிலிருந்து நெல்மணி உதிர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அது அவ்வளவுதானாக இல்லை.

கட்டுப் பிரித்த பிறகும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். அவள் காபி டம்ளரை எடுத்தால் நானும் கீழே கையை ஏந்திக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டுத் தையல் டீச்சர் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டார். தரங்கம்பாடிக்காரர், பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். விரலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று என் மகளுக்காக ஊசியும் துணியும் கொண்டுவந்திருந்தார். அவளைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"பிள்ளைக்குக் கை சரியாயிட்டு சார். உங்களுக்குத்தான் நடுங்குது. நீங்க உட்காருங்க."

நானும் வாத்தியார்தான், வரலாறு. ஆனால் அந்தக் குரலுக்கு ஆறாம் வகுப்புப் பையன் மாதிரி உட்கார்ந்து, மகளுக்கு வந்த ஊசியை நான் வாங்கிக்கொண்டேன்.

அப்ளிக் என்று அந்த வேலைக்குப் பெயர். கட்டம் என்கிற ஒரு சதுரத் துணியின் மேல் இலை, பூ வடிவத்தில் வெட்டிய வண்ணத்துணியை வைத்து, ஓரத்தை ஊசிமுனையால் உள்ளே மடக்கி, தையல் வெளியே தெரியாமல் சுற்றிலும் கையால் தைக்க வேண்டும். அப்படி ஒன்பது கட்டங்களை இணைத்தால் ஒரு கில்ட், அதாவது ஒட்டுத்துணிப் போர்வை. கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

முதல் இலை நூல் நூலாகப் பிரிந்து தாடி வளர்த்துக்கொண்டது. இரண்டாவதை அழகாக முடித்துவிட்டு எழுந்தேன். வேட்டியும் கூடவே எழுந்தது. இலையை, கட்டத்தை, மடியிலிருந்த வேட்டியை மூன்றையும் சேர்த்துத் தைத்திருந்தேன். என் மனைவி கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள்.

"எதை வெட்டணும்னு சொல்லிடுங்க. அப்புறம் குத்தம் சொல்லக்கூடாது."

இலையின் நுனிதான் என் பிராணனை வாங்கியது. இரண்டு ஓரமும் வந்து சேரும் இடத்தில் கூர் வரவேண்டும். எனக்கு வந்ததெல்லாம் கட்டைவிரல்.

"சாக்பீஸ் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க சார்" என்பார் டீச்சர். "நெருக்கிப் போடுங்க. நாத்து நடுற இடைவெளி விட்டிருக்கீங்க, இதுக்குள்ள நண்டு புகுந்து போவும்."

முதல் கட்டத்திலேயே நான் துணியை வீசி எறிந்துவிட்டதைப் பார்த்த மகள் எனக்காக ஓர் ஒப்பந்தம் போட்டாள். "அப்பா, ஒன்பது கட்டமும் முடியிற வரைக்கும் நான் வண்டியைத் தொடமாட்டேன். முடிஞ்ச அன்னிக்குச் சாவி என் கைக்கு வந்துடணும். சரியா?"

என்னை உற்சாகப்படுத்தத்தான் சொன்னாள். எனக்கு வேறு ஒன்று புரிந்தது. நான் முடிக்காத வரை அவள் வண்டியில் ஏற மாட்டாள். துணியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டேன்.

முதல் வேலையாகச் சாவியை ஒளித்தேன். முதல் கட்டத்துத் தாமரைக்கு அடியில் அதை வைத்துச் சுற்றிலும் தைத்துவிட்டேன்.

"ஏன் சார், இந்தப் பூ மட்டும் கட்டி வந்த மாதிரி வீங்கியிருக்கு?"

"உள்ள பஞ்சு வச்சிருக்கேன் டீச்சர்."

அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். அடுத்த துணியை எடுத்து நீட்டினார்.

அதன்பிறகு காலையில் தைப்பேன், மகள் பஸ்ஸில் கல்லூரிக்குப் போனதும் பாதியைப் பிரித்துவிடுவேன். துணி முழுக்க ஊசி போன தடம். "தைக்கிறதைவிடப் பிரிக்கிறதுலதான் சாருக்குக் கை தேர்ந்திருக்கு" என்றார் டீச்சர். மகளும் விடவில்லை. "சம்பா நட்டு அறுப்புக்கே வந்துட்டுப்பா. உங்க இலை இன்னும் வரல."

எவ்வளவு பிரித்தாலும் நான்கு மாதத்தில் எட்டுக் கட்டம் முடிந்துபோனது. ஒன்பதாவதில் ஒரே ஓர் இலை பாக்கி. அதை வைத்தே ஒரு வருடம் ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இலையின் நுனியை மடக்கினேன். கூர் வந்துவிட்டது. வேப்பிலை நுனி மாதிரி அப்படியொரு கூர். பிரிக்க வேண்டும் என்று ஊசியை எடுத்தேன், கை வரவில்லை. இதை யாருக்கும் காட்டக்கூடாது என்று தோன்றியது. டீச்சருக்கு மட்டுமாவது காட்டியே ஆகவேண்டும் என்றும் தோன்றியது.

சுருக்கத்தோடு காட்டவா முடியும்? துணி விறைப்பாக நிற்க ஓரத்தில் லேசாகக் கஞ்சி தடவலாம் என்று டீச்சர் எப்போதோ சொல்லியிருந்தார். லேசாக என்றது மறந்துவிட்டது. சோறு வடித்த கஞ்சியில் கட்டத்தை முழுக்க முக்கி எடுத்தேன். கொடியில் போட்டால் மடிப்பு விழும். தட்டையான இடம் வேண்டும், வெயிலும் வேண்டும். வாசலில் வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர் நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். நாற்காலி போட்டு ஏறி வைக்கோல் மேல் விரித்தேன். விசிறி மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று உள்ளே போய் அரைமணி நேரம் தேடினேன்.

திரும்பி வந்தபோது நாற்காலி இருந்தது. டிராக்டர் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"போச்சு! ஒன்பது போச்சு!"

மகள் ஓடிவந்தாள். "என்னப்பா, யாருக்கு என்ன?"

"கட்டம்மா! கூர் வந்த கட்டம்! வைக்கோலோட போவுது!"

"வண்டிச் சாவி எங்க?"

முதல் கட்டத்தை எடுத்துவந்து தாமரையைப் பிடித்து இழுத்தேன். வாழ்நாளில் நான் தைத்த எல்லாமே ஒரே இழுப்பில் பிரிந்திருக்கின்றன, இது பிரியவில்லை. பல்லால் கடித்தேன். மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "பூவுக்குள்ளயா வச்சுத் தைச்சீங்க?" என் மனைவி கத்தரிக்கோலோடு வந்தாள். இந்தத் தடவை எதை வெட்டுவது என்று கேட்கவில்லை.

ஐந்து மாதத்துக்கு மேல் நின்ற வண்டி மூன்றாவது உதையில் கிளம்பியது. ஹெல்மெட் போட்டுக்கொண்டது அவளாகத்தான். எனக்கு ஞாபகமே வரவில்லை. பின்னால் ஏறிக்கொண்டேன். டிராக்டர் போன வழியெல்லாம் வைக்கோல் சிந்திக் கிடந்தது.

"வைக்கோலாக் கெடக்குப்பா. மெதுவாப் போறேன்."

"மெதுவாவா? அங்க பாரு, வாய்க்கால் பாலம் தாண்டுது. முறுக்கும்மா!"

சொன்னது நான்தான். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவள் முறுக்கவில்லை. சிந்திய இடத்தில் இரண்டு காலையும் தொங்கவிட்டு உருட்டி, சுத்தமான இடத்தில் வேகம் எடுத்து, அடுத்த பாலத்தில் டிராக்டரை மறித்தாள்.

டிரைவர் ஏறிக் கட்டத்தை எடுத்துக் கொடுத்தார். வெயிலில் விறைத்து, வைக்கோல் ஒட்டிக்கொண்டு, தட்டினால் சத்தம் வந்தது. "சார், இது அப்பளமா?" என்றார்.

"ஒன்பது முடிஞ்சுதுல்லப்பா?" என்றாள் மகள்.

"தாமரை பிரிஞ்சுடுச்சே. இப்ப எட்டுதான்."

அவள் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து வண்டியில்தான் கல்லூரிக்குப் போகிறாள். நான் தாமரையை மறுபடி தைத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லாததால் அது தட்டையாக உட்காருகிறது, பூ மாதிரியே இருக்கிறது. சாயங்காலம் தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்வரை இதழ் இதழாகத் தைக்கிறேன். பிரிப்பதை விட்டுவிட்டேன்.