நார்த்மீட் நடனத்தில் ஒரு கும்பிடு

இந்தப் பதிவை அம்மாவுக்குத் தெரியாதபடி மறைத்துவிட்டுத்தான் போடுகிறேன்.

சனிக்கிழமைகளில், நாங்கள் இருக்கும் நார்த்மீட் பகுதி மண்டபமொன்றில் ஸ்கொட்டிஷ் நடனம் பழகுகிறேன். எட்டுப் பேர் எதிரெதிரே நின்றால்தான் ஆட்டம். ஆள் குறைந்துகொண்டே போகிறது, வகுப்பையே மூடிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். இன்று ஏழு பேர்தான் வந்திருந்தோம்.

அப்போது கதவு திறந்தது. வந்தவரைப் பார்த்ததும் மற்றவர்களின் பின்னால் ஒதுங்கினேன். எங்கள் கோயிலுக்கு வருகிற, அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த சிவம் அங்கிள்!

அம்மாவோ நான் பக்கத்து வெஸ்ட்மீடில் வேலையிடத்தில் ஓவர்டைம் செய்வதாக நம்பிக்கொண்டிருக்கிறார். ஆனால் நான் ஓடினால் மறுபடியும் ஏழு பேர்.

இசை தொடங்கியது. நடுவில் அங்கிளுக்கு வலது கை கொடுத்துச் சுற்ற வேண்டும். என் கைகள் தாமாகவே கும்பிட்டன. அவரும் கும்பிட்டார். இருவரும் அப்படியே நின்றுவிட, பின்னால் வந்தவர்கள் எங்கள்மேல் மோதினார்கள்.

"கையைக் கொடுங்கள், முகத்தைப் பாருங்கள்!" என்று ஆங்கிலத்தில் கத்தினார் பழக்குகிற மார்கரெட்.

கொடுத்தோம். இருவர் கையும் வியர்த்திருந்தது.

வகுப்பு முடிந்ததும் அங்கிள் என் கார்வரை வந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"பிள்ளை, நடக்கப் போறன் எண்டுதான் வீட்டில அன்ரிக்குச் சொல்லிப்போட்டு வந்தனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"ஓம் அங்கிள். நீங்களும் அம்மாட்டச் சொல்லாதேங்கோ. ஆனா அடுத்த சனிக்கிழமையும் கட்டாயம் வரவேணும்."

"வராமல்? நான் வராட்டி ஏழு பேரெல்லோ!"

வெள்ளிக்கிழமை கோயிலில் அவரும் அவர் மனைவி அன்ரியும் எதிரே வருவார்கள். என் வலது கை தானாக நீண்டுவிடாமல் இருக்க யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.